ரேகை முளைக்கும் பருவம்

ஜூன் 9

என் விரல்களில் ரேகை இல்லையாம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இன்று காலை ஒரு சின்ன மெஷின் சொல்லிவிட்டது. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. இடது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று எதை வைத்தாலும் சிவப்புதான். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், கல் உடைக்கிற வேலையா என்று பரிவோடு கேட்டார். கம்மல் செய்கிற வேலை என்றேன். அவர் என் காதைப் பார்த்தார். நான் செய்த பெரணி இலைகள் இரண்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. நிஜ இலை என்று நினைத்திருப்பார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

போன காரியம் விடுதலைப் பத்திரம். அப்பா கட்டிய இந்த வீட்டில் என் பாதியை வள்ளிநாயகம் அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பது. அண்ணனுக்குத் திருநெல்வேலியில் டைல்ஸ் கடை. இந்த வீட்டை இடித்துவிட்டு, குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டப் போகிறார். தரைத்தளத்தில் எனக்கு ஓர் அறை, ஆயுசுக்கும். சித்திரையில் அவர் இதைச் சொன்னபோது நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை நிறுத்தாமலேயே சரி அண்ணே என்றேன். இத்தனை வயதில் அண்ணனிடம் நான் வேறு சொல் சொன்னதாக நினைவில்லை.

பத்திரம் எழுதும் ஐயம்பெருமாள் என் கையைத் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை, எப்படிச் செய்வேன் என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கையில ரேகை எங்கம்மா நிக்கும்? மூணு வாரம் வேலையத் தொடாதிய. தேங்காண்ணெய் போட்டு வாங்க. தன்னால முளைச்சிரும்."

கண்ணைப் பார்த்துப் பதிகிற மெஷினும் உண்டாம், பழுதாகி மதுரைக்குப் போயிருக்கிறதாம். அண்ணனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், அப்புறம் ஆவணிதான். ஆனிக்குள் முடித்துவிட வேண்டும் என்றார். சரி அண்ணே என்றேன்.

ரேகை முளைக்கும் என்று ஐயம்பெருமாள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 10

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. மழை என்று சொல்ல முடியாது, காற்றே கொஞ்சம் ஈரமாக நடந்து போகிறது. பொதிகை மலை இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. காலையிலிருந்து பின்கட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இந்தச் சுவரைப் பூசாமலே விட்டுவிட்டார். பூச்சுக்குக் கை வறண்டிருந்த காலம் அது. அதனால் கல்லுக்குக் கல் இடுக்கு. அதற்கு அந்தப் பக்கம் சிற்றாற்று வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் பார்த்தால் கரிச்சட்டி நிறம். சாரல் வந்து இரண்டு நாளில் பாசி கண் விழிக்கும். பிறகு பெரணி, அதன் சுருண்ட குருத்து, குண்டூசித் தலையளவு காளான்கள், பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியின் தம்பி தங்கைகள். சிவப்பு வெல்வெட்டில் தைத்தது போன்ற தம்பலப் பூச்சி ஒன்று வந்து நடுவில் உட்காரும். நான் செய்கிற நகை எல்லாம் இந்தச் சுவரைப் பார்த்துச் செய்வதுதான். பார்த்து என்று சொன்னால் மரியாதை. திருடி என்பதுதான் சரி.

நான் நகை செய்கிற பாலிமர் களிமண் மண்ணே இல்லை. பிளாஸ்டிக் பொடியும் எண்ணெயும் சேர்ந்த மாவு. கையில் பிசைந்தால் இளகும், குளிர் நாளில் இடுப்பில் சொருகி வைத்தால் அந்தச் சூட்டில் இளகும். நிஜ இலையை மேலே வைத்து அழுத்தினால் நரம்பு நரம்பாக வாங்கிக்கொள்ளும். ஓவனில் மெல்லிய சூட்டில் வைத்தால் இறுகிவிடும். கூடவே என் விரல் ரேகையையும் வாங்கிக்கொள்ளும், அதுதான் தொல்லை. இலையில் மனுஷி ரேகை இருந்தால் அது இலை ஆகாது. அதனால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிடுவேன். இலையிலிருந்து நான் என்னை அழித்தேன், இலையும் அதே வேகத்தில் என்னை அழித்திருக்கிறது. யாருக்கும் பாக்கி இல்லை.

ஒரு புளியங்கொட்டை அளவு வெள்ளைக் களிமண்ணை உருட்டி, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வழவழவென்று ஒரு குழி விழுந்த வில்லை. தினமும் காலையில் ஒன்று அழுத்தி ஜன்னல் திட்டில் வரிசையாக வைக்கப் போகிறேன். முளைக்கிறதா என்று தெரிய வேண்டுமே.

ஜூன் 12

தேங்காய் எண்ணெய் போட்டேன். இரண்டு வேளையும்.

வேலை இல்லாத கை ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கருவேப்பிலை உருவினேன், பழைய சேலைகளை மடித்ததையே மடித்தேன். என்னிடம் கம்மல் வாங்குகிற அபர்ணா என்ற பெண் சென்னையிலிருந்து போனில் மறுபடி பேசினாள். ஆவணிக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அம்மாவின் ஆசைக்காகத் தங்கம் போட்டுக்கொள்வாளாம், வரவேற்புக்கு நான் செய்கிற கழுத்தாரம் வேண்டுமாம். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்க ஊர் சாரலைக் கழுத்துல போட்டுக்கணும்" என்றாள். நல்ல கிறுக்கு. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கொஞ்சம் கை சரியில்லை, பொறுத்துச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16

இன்றைய வில்லையில் ரேகை தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தால் நான்கைந்து கோடுகள், ஓரமாக, வாய்க்காலில் காற்று அடித்தால் எழுகிற வரி மாதிரி. அது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டும். வில்லையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தூசி விழக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

ஜூன் 19

மதியம் பூராவும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சாரலில் சுவர் அசைகிற மாதிரி இருந்தது. பாசியின் மேல் நீர்த்துளிகள் விழாமல் நின்றன, ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு தலைகீழ் வானம். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் திறந்தபடியே தூக்கம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். எழுந்து பார்த்தபோது விளக்கு வைக்கிற நேரம். மடியில் கழுத்தாரத்துக்கான இலைகள் ஏழெட்டு, வேலை முடிந்து பளபளவென்று கிடந்தன.

ஜூன் 20

வில்லையில் ஒன்றுமில்லை. வழவழ. பாத்திரம் தேய்க்கிற நாரினால் இருக்கும்.

ஜூன் 23

அண்ணனும் பகவதி மதினியும் வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு, வழியில் மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தார்கள். அண்ணன் பழத்தை அழுத்தி உடைத்து, வெள்ளைச் சுளையை எடுத்து முதலில் எனக்குத்தான் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார். அப்பா படுத்துக் கிடந்த இரண்டு வருஷமும் வாரா வாரம் பஸ் பிடித்து வந்து, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். எனக்குக் கல்யாணம் கூடி வராமல் போனபோது ஊரில் ஒருவர் வாயில் நான் விழாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

செல்போனில் லாட்ஜின் படம் காட்டினார். மஞ்சள் வர்ணம், கண்ணாடிக் கதவு. பின்கட்டு எங்கே என்று தேடினேன். அங்கே கார்கள் நின்றன.

"சுவரு இருக்காதாண்ணே?"

"அந்த ஓதம் பிடிச்ச சுவரா? அத வச்சு என்ன செய்ய? டைல்ஸ் ஒட்டி நல்ல காம்பவுண்டா எழுப்பிருவோம். என் கடையிலயே இருக்கு, இலை டிசைனு. உனக்குப் பிடிக்கும்."

எனக்காகவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். மதினி என் முகத்தைப் பார்த்தார், நான் பழத்தோலைப் பொறுக்கினேன். பிறகு அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிண்ணத்திலிருந்து எண்ணெயைத் தொட்டு அவரே தேய்த்துவிட்டார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும், நிதானமாக, பாப்பாவுக்குத் தேய்ப்பது போல. எனக்கு அழுகை வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மாடியில் துணி காய்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

மாடியில் துணி ஒன்றும் இல்லை.

ஜூன் 24

ரேகை: இல்லை.

ஜூன் 27

இரண்டாம் முறை பதிவு அலுவலகம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அண்ணன் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார், சட்டையெல்லாம் வியர்வை. கட்டுகிற காண்ட்ராக்டர் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்கிறாராம். ஐயம்பெருமாள் தலையைச் சொறிந்தார், தன் அனுபவத்தில் இத்தனை நாள் ஒரு கை அடம் பிடித்ததில்லை என்றார்.

"எண்ணெ போடுதியளாம்மா?"

"போடுதேன்."

போட்டேன், அது பொய்யில்லை.

வரும் வழியில் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டார். கோபம் இல்லை அவருக்கு, சோர்வுதான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இன்றிலிருந்து வேலைப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 28

பரணில் கரப்பான் நடமாட்டம் இருக்கிறது. களிமண்ணை அங்கே வைப்பது சரியில்லை. பெட்டியை இறக்கிவிட்டேன்.

ஜூலை 1

சபுரா வந்தாள். பக்கத்துத் தெருக்காரி. கம்மலுக்குக் கொக்கி மாட்டுவது, சங்கிலி கோப்பது, டப்பாவில் அடுக்கிக் கூரியரில் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் இல்லாவிட்டால் நான் செய்ததெல்லாம் இந்த வீட்டிலேயே கிடந்து தூசி பிடிக்கும். வேலையை நிறுத்தி இருப்பதால் வராதே என்று சொல்லியிருந்தேன். இன்று சேமியா பாயசம் கொண்டுவந்த சாக்கில் வந்துவிட்டாள்.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு ஜன்னல் திட்டில் உள்ள வில்லைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுப் பின்னால ஓடுற வாய்க்கா எங்க வீட்டு வழியாத்தான் போகுது."

தெரியும் என்றேன்.

"மத்தியானம் ஆனா தண்ணி பச்சை நிறத்துல பால் கணக்கா வருது."

சீசன் நேரம், பாசி கரைந்து வரும் என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, கையில் எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"பாசி எங்கயாவது பால் விடுமாக்கா? உங்க அண்ணன்கிட்ட சொல்லிருங்க. நல்ல மனுசன்தான அவ்வோ."

எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பாயசம் நன்றாக இருந்தது. முந்திரியைத்தான் கொஞ்சம் கருகவிட்டிருந்தாள்.

ஜூலை 5

காலைத் தூக்கத்தில் ஒரு கனவு. சுவர் எழுந்து வாய்க்கால் வழியாக நடந்து போகிறது. அவசரமில்லாமல், கோயிலுக்குப் போகிற அம்மாக்கள் மாதிரி, பாசியைக் கொசுவம் போல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் பின்னாலேயே போகிறேன். நில் என்று சொல்ல வேண்டும், வாய் திறந்தால் சரி சரி என்றே வருகிறது. ஒவ்வொரு சரிக்கும் அது ஓரடி தள்ளிப் போகிறது.

விழித்ததும் பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. முகத்தை அதில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கன்னம் பூராவும் ஈரம்.

கழுத்தாரம் வளர்கிறது. பெரணிக் குருத்துகள் சுருள் அவிழ்க்கிற வாக்கில் இரண்டு பக்கமும் ஏறுகின்றன. நடுவில் பாசித் திட்டு. சுண்ணாம்புக் கட்டிப் பொடியை வர்ணத்தில் குழைத்துத் தூவிச் சாரலைக் கொண்டுவந்துவிட்டேன். தம்பலப் பூச்சியை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலண்டரைப் பார்த்தேன். சும்மாதான். ஜூலைத் தாளின் நடுவிலேயே ஆடி பிறந்துவிடுகிறது.

ஜூலை 8

ரேகை: இல்லை. நல்ல சாரல்.

ஜூலை 11

அண்ணன் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். கண் பார்க்கிற மெஷின் மதுரையிலிருந்து திரும்பி வந்துவிட்டதாம். இனி விரல் எப்படி இருந்தாலும் கவலை இல்லையாம். திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம், ஆடிக்கு முந்தின கடைசி நல்ல நாள். சரி அண்ணே என்றேன்.

கண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது.

மேலே உள்ள வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடித்தால் இன்னும் கறுப்பாகத் தெரியும். கிடக்கட்டும்.

ஜூலை 14

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இது எனக்கே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

அலுவலகத்தில் கூட்டம். ஆனி முடிவதால் ஊரே பத்திரத்தோடு வந்திருந்தது. அண்ணன் எனக்கு இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், சின்ன வயதில் பஸ்ஸில் எனக்குக் குமட்டும் என்று வாங்கிக் கொடுப்பது. ஐயம்பெருமாள் எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். அந்த மெஷின் கறுப்பாக, இரண்டு கண்ணுக்கும் துளை வைத்து, திருவிழாவில் படம் காட்டுகிற பெட்டியைப் போல இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், நெற்றியை ஒட்டி வைத்து நேராகப் பார்க்கச் சொன்னாள்.

வைத்தேன். உள்ளே இருட்டு, தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி என்னைப் பார்த்தது. இன்னும் ஒரு நொடி நான் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், முடிந்துவிடும். ஒரு வேலையும் இல்லை, சரி என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்கம்மா" என்றாள் அந்தப் பெண். நான் திறக்கவில்லை. தூசி விழுந்துவிட்டதா என்று ஐயம்பெருமாள் கேட்டார். தண்ணீர் கொண்டுவர யாரையோ அனுப்பினார்கள். இமைக்கு உள்ளே பச்சையாக இருந்தது. முதலில் திட்டுத் திட்டாக, பிறகு குருத்துக் குருத்தாகச் சுவர் வந்து நின்றது. அவ்வளவு அருகில் அதை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது.

தோளில் அண்ணன் கை வந்தது.

"குழலி, கண்ணத் தொற."

"மாட்டேன்."

யாரோ சின்னப் பெண் சொன்ன மாதிரி இருந்தது. என் வாயில்தான் வந்தது.

"என்ன சொல்லுத?"

"மாட்டேண்ணே. வீட்டக் குடுக்க மாட்டேன். அந்தச் சுவரு இல்லாம எனக்கு ஒண்ணும் செய்ய வராது."

அதிகாரி எங்கிருந்தோ நிதானமான குரலில், எழுதிக் கொடுப்பவருக்குச் சம்மதம் இல்லாமல் பதிய முடியாது, வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது. நான் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் அந்த மெஷின் பிடித்துக்கொள்ளும் என்று இருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். படி வருது, இன்னொரு படி என்று சொல்லிச் சொல்லி இறக்கினார்.

கீழே வந்ததும் என் கையை விடாமல் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். கண்ணைத் திறந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு மாசமா வேணும்னேதான் தேய்ச்சுக்கிட்டு இருந்தியா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன உன் கழுத்தையா பிடிச்சேன்?"

பிடிக்கவில்லை. அதுதான் கஷ்டம் என்று எப்படிச் சொல்வது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டார், காபி குடிக்க உள்ளே வரவில்லை. கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றேன்.

ஆமாம். நான்தான் தேய்த்தேன். காலையில் எண்ணெய் போடுவேன், மதியம் தேய்ப்பேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. தேங்காய்ப் பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர்தான்.

ஜூலை 20

அண்ணனிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை, நம்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன். பகவதி மதினி மட்டும் பேசினார். அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை, கடையில் உட்கார்ந்து ஒரே டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்றார். என் மேல் மதினிக்குக் கோபமா என்று கேட்டேன். "எனக்கும் அப்படி ஒருநாள் கண்ண மூடிக்கிடணும்னுதான் இருக்கு குழலி" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

சுவர் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகவே பிடிக்கவில்லை. அண்ணனைக் கொடுத்து அதை வாங்கிவிட்டேனோ என்று இருக்கிறது. அவர் வராவிட்டால் நான் எத்தனை இலை செய்து என்ன.

ஜூலை 23

நாளை ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அண்ணன் ஒவ்வொரு வருஷமும் குற்றாலத்துக்கு வருவார், கொடுத்துவிட்டு இங்கேதான் சாப்பிடுவார். வாழைக்காய், அவரைக்காய், பூசணி, பாசிப்பருப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். வருவார் என்று வாங்கவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வாங்கினேன்.

ஜூலை 24

வந்தார்.

பதினொரு மணி இருக்கும். ஈர வேட்டி, நெற்றியில் திருநீறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கால் கழுவினார். நான் இலையில் சோறும் பருப்பும் எள்ளும் வைத்துக் கொடுத்தேன். காகத்துக்கு வைப்பது எப்போதும் அந்தச் சுவரின் மேல்தான். அப்பா இருந்தபோது அவருடைய அப்பாவுக்கு அங்கேதான் வைத்தார். அண்ணன் இலையைச் சுவரில் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட்டார். காகம் வரவில்லை. சாரலில் எங்கோ ஒடுங்கியிருந்தது போல. காத்திருந்தார். சுவரில் கை ஊன்றி நின்றவர், கையை எடுத்துப் பார்த்தார், உள்ளங்கையில் பாசி அச்சு. பிறகு குனிந்தார். எதையோ பார்த்தார். அப்படியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தேன்.

காகம் வந்து கொத்தியது. அண்ணன் உள்ளே வந்தார்.

"சிவப்பா ஒரு பூச்சி. வெல்வெட்டு கணக்கா."

"தம்பலப் பூச்சிண்ணே."

"இத்தன வருசம் இங்கதான் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். சாப்பிட்டார். வாழைக்காய் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவ எழுந்தவர் ஜன்னல் திட்டின் முன்னால் நின்றார். வில்லைகள் வரிசையாக இருந்தன, சுட்டு எடுத்துத் தேதி வாக்கில் அடுக்கியவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோடு வருகிறது, அழிகிறது. வருகிறது, அழிகிறது. கடைசிப் பக்கம் மட்டும் கோடுகள் அழியாமல் நிறைந்துகொண்டே போயின. பதினான்காம் தேதிக்குப் பிறகு நான் உப்புத்தாளைத் தொடவே இல்லை. அதற்கு மனசு இல்லை.

அண்ணன் வழவழப்பான வில்லை ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

"நீ சரின்னு சொல்லும்போது எடுத்துப் பாத்துக்கிடுதேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இந்த முறை மாடிக்குப் போகவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசினார். லாட்ஜ் என்பது அவருக்கும் ஒரு கனவு, கடைசிக் காலத்தில் சாரலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று. பன்னிரண்டு அறை வேண்டாம், முன்கட்டு அவருக்கு வந்தால் நான்கு அறை போடலாம். அடுப்படியும் பின்கட்டும் சுவரும் எனக்கு. விடுதலைப் பத்திரம் வேண்டாம், பாகப்பிரிவினை எழுதிக்கொள்ளலாம், ஆவணி பிறந்ததும்.

"சம்மதமா? இல்லன்னா இல்லன்னு சொல்லு."

முன்கட்டில் அப்பா உட்காரும் ஜன்னல் இருக்கிறது. அதை நினைத்தேன். அண்ணனையும் நினைத்தேன்.

"சரி அண்ணே" என்றேன்.

அண்ணன் பையிலிருந்து வில்லையை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

ஆகஸ்ட் 5

கழுத்தாரம் முடியும் நேரம். தேய்க்கிற வேலை முழுக்கச் சபுரா பார்க்கிறாள், ரேஷன் கடையில் தன் அம்மாதான் விரல் வைப்பார், தன் ரேகையை யார் கேட்கப் போகிறார்கள் என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று உயிரை வாங்குகிறேன். வாய்க்காலில் பச்சைப்பால் போவதில்லை. தேய்த்த தண்ணீரை வாளியில் தெளியவைத்து வண்டலைத் தனியே எடுக்க வேண்டும் என்பது அவளுடைய புதுச் சட்டம்.

அபர்ணாவுக்குப் படம் அனுப்பினேன். தம்பலப் பூச்சி வேண்டாம் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். அது தன் காறை எலும்பின் மேல் உட்காருமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. நாளைக் காலை பதிவு.

அண்ணன் போன் செய்து ரேகை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கண் மெஷின்தான் வந்துவிட்டதே, விரல் எதற்கு என்றேன். அது இருக்கட்டும், நீ விரலையே வை என்றார்.

எண்ணெய் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சாரல் குறைந்துவிட்டது. இன்று அழுத்திய வில்லையில் நடுவிலிருந்து ஓரம்வரை கோடுகள், ஒன்றுகூட விடுபடவில்லை. இதை மட்டும் தேய்க்காமல் சபுராவிடம் கொடுத்து, ஒரு கயிற்றில் கோத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவேன்.